லாதோனின் பெண்கள்

கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்ட ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்பது லாதோன் கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவள் கழுத்து நீண்ட குடத்தோடு இறங்கி, கை கழுவி, ஆற்றின் மகள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மொள்ள வேண்டும். குழல் ஊதுகிறவளும் ஊர்ப் பெண்களும் பின்னால் நிற்பார்கள். இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த பிலின்னாவுக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் அவள் கொல்லையில் இருந்த பாறைத் தொட்டியின் மழைத் தண்ணீரை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அந்தக் குடத்தில் நிரப்பினாள்.

குறை சொல்கிறவர்கள் அவள் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். அவளுடைய மூத்த பெண் மெலித்தாவைக் கொண்டுபோனது அந்த ஆறுதான். துணி அலசப் போன பெண். கரையில் கூடை இருந்தது, செருப்பு இருந்தது, பெண் இல்லை. ஆற்றுப் பெண்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள், அது பாக்கியம், அழக்கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. ஆறு எடுத்தவளுக்கு ஒப்பாரி கிடையாது, கல்லறை கிடையாது. கூரைக்குக் கீழே அவள் பெயரைச் சொல்வதும் கிடையாது. சொன்னால் பாதி வழி திரும்பி வந்து, அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் அல்லாடுவாளாம்.

மறுநாளே பெயர் நின்றுபோனது. கணவன் சொல்லவில்லை, நாத்தனார் தெயானோ சொல்லவில்லை, வாசலில் வந்து கதை பேசிய பெண்கள் யாரும் சொல்லவில்லை. பெற்ற வயிறு எரிந்தது. ஒரு பெண்ணை இவ்வளவு சுலபமாக மறக்கத் தெரிந்த ஊரை அவள் மன்னிக்கவே இல்லை. அதன் பிறகு ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இளையவள் ஆர்கியாவையும் விடவில்லை. தொட்டி வற்றினால் கணவன் மலையூற்றிலிருந்து கழுதைமேல் தண்ணீர் கொண்டுவருவான்.

ஆற்றுத் தேவன் லாதோனின் கதையை அவள் தன் பாணியில் சொல்வாள். அவனுக்குப் பெண்கள் மூன்று. மெட்டோபி வேறொரு ஆற்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். தெல்பூசா கீழே ஓர் ஊருக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். தாப்னி, துரத்தி வந்த தேவனுக்குப் பயந்து மரமாகிப்போனாள். “அவன் வீட்டுல ஒண்ணும் தங்கல. அதான் என் வீட்டுல கை வச்சான்” என்பாள். ஒன்றை எடுத்து ருசி கண்டவன் அடுத்ததையும் எடுப்பான். ஆர்கியாவின் உடம்பில் அவன் தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது. அவளுக்கு அந்தப் பயம் ஒன்றுதான்.

தெயானோவிடம், விடியற்காலையிலேயே தனியாகப் போய் மொண்டுவந்துவிட்டேன் என்று சொன்னாள். தெயானோ அவளையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த நாட்டில் உச்சி வெயில்தான் பொல்லாத நேரம். மேய்ப்பர்கள்கூடக் குழலைக் கீழே வைத்துவிடுவார்கள். அன்று உச்சியில் பிலின்னா குடத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். குடம் காலி. உள்ளே கைவிட்டால் குடத்தின் மண்சுவர் உலர்ந்து கிடந்தது. ஆனால் தரை ஈரமாயிருந்தது. வாசலிலிருந்து குடம்வரை, குடத்திலிருந்து ஆர்கியா படுத்திருந்த பாய்வரை, ஈரக் காலடிகள். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. சின்ன வயதில் ஆடு மிதித்துக் கோணிய விரல் அது. அந்தக் காலுக்கு எண்ணெய் தடவியவளே பிலின்னாதான்.

முந்தானையாலேயே தரையைத் துடைத்தாள். பெயர் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மறுபடி நிரப்பினாள். மறுநாள் உச்சியில் மறுபடி காலி. இந்த முறை ஆர்கியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடி நேர் வகிடெடுத்து, இறுக்கிப் பின்னி, நுனியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீயாம்மா பின்னிவிட்டே? கை என்னா ஜில்லுன்னு இருந்துச்சு” என்றாள் ஆர்கியா.

“நான்தான்டி” என்றாள் பிலின்னா. வந்தவள் தன் மகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆற்றின் ஆளாக வந்திருக்கிறாள், தங்கையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்றே அவளுக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளைக்கே பயப்படும்படி ஆகிவிட்டதே என்று அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்ததும் குழல்காரி வந்துவிட்டாள். தெயானோ குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். காற்றுப்போல் வந்தது. மறுபடி நிரப்பலாமென்றால் கொல்லைத் தொட்டியிலும் அடிச்சேறுதான் மிச்சம். எல்லோர் முன்னாலும் பிலின்னாவின் பொய் அம்பலமாகி நின்றது. தெயானோ குத்திக்காட்டவில்லை. குடத்தை அவள் இடுப்பில் வைத்து, “வாங்க அண்ணி, போலாம்” என்றாள்.

பிலின்னா நடந்தாள். சண்டை போடத்தான் நடந்தாள். இவளையாவது விடு, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று ஆற்றிடம் கேட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

நாணல் விலகியதும் ஆறு தெரிந்தது. துணி அலசும் கல் அப்படியே இருந்தது. பெண்கள் குனிந்து கை கழுவினார்கள். குழல் நின்றது. தெயானோ முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூப்பிட ஆரம்பித்தாள். “மெட்டோபி, வாம்மா. தெல்பூசா, வாம்மா. தாப்னி, வாம்மா.”

அதோடு முடிய வேண்டும். முடியவில்லை. கரையில் நின்ற பெண்கள் எல்லோரும், தினமும் சொல்லிப் பழகிய குரலில், சேர்ந்து கூப்பிட்டார்கள்.

“மெலித்தா, வாம்மா.”

பிலின்னா கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலம் எந்த வாயிலிருந்தும் கேட்காத பெயர் எல்லா வாயிலிருந்தும் வந்தது. தெயானோ தண்ணீரிலிருந்து ஏறி வந்து பக்கத்தில் நின்றாள்.

“கூரைக்குக் கீழதானே அண்ணி சொல்லக்கூடாது. இங்க கூரை ஏது? குடம் மொள்ற ஒவ்வொருத்தியும் தெனம் அவளைக் கூப்புடுறோம். அவளும் வர்றா. வந்து உங்களைத் தேடிட்டுப் போறா.”

“எங்கிட்ட ஒருத்தியும் சொல்லலியே.”

“எங்க வச்சுச் சொல்றது? நீங்க வீட்டை விட்டு இறங்கினாத்தானே.”

தொட்டித் தண்ணீரை யார் கொட்டியது, எதற்குக் கொட்டியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கையைக் கொண்டுபோக வந்தவள் இல்லை. அம்மா ஆற்றில் வந்து மொள்ளாததால் தங்கை கல்யாணத்துக்கு அழைப்பு வராமல், தானே வாசல்வரை வந்து நின்றவள். அவளுடைய காலடியைத்தான் இவள் துணி கொண்டு துடைத்திருக்கிறாள்.

பிலின்னா எழுந்து தண்ணீரில் இறங்கினாள். மூன்று பெயரை அவள் சொல்லவில்லை. ஆறு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். “மெலித்தா” என்றாள். “அம்மா வந்திருக்கேன்டி. நாளைக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம். குளிப்பாட்டத் தண்ணி குடு.”

குடத்தைச் சாய்த்தாள். அதன் கைப்பிடியைப் பற்றியிருந்த அவள் கைமேல் குளிர்ந்த கை ஒன்று வந்து அழுந்தியது. நிறைந்த குடம் கனக்கவே இல்லை. மேடேறும்வரை யாரோ ஒரு பக்கம் தாங்கிக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் ஆர்கியா குளித்தாள். வெயில் ஏறுமுன் மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. கூட்டம் கலைந்ததும் பிலின்னா உள்ளே வந்தாள். குளித்த இடத்திலிருந்து வாசல்வரை ஈரக் காலடிகள் வெளியே போயிருந்தன. சுண்டுவிரல் கோணல்தான். அவள் துடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. தலைக்கு மேலே கூரை இருந்தது.

எழுந்து, அன்றாடம் புழங்கும் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள். கல்யாணத்துக்கு மொண்டு வைத்த தண்ணீர் வீட்டில் நிறையவே இருந்தது.