ஒட்டகத்துக்குத் தேய்த்த எண்ணெய்

நவநீதன் அந்த வண்டியை வாங்கி வந்த அன்றைக்கே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள் அவன் மனைவி அனுசுயா. வாசலில் வந்து நின்றதை மேலும் கீழும் பார்த்தாள். அறுநூற்றைம்பது சிசி, பன்னிரண்டு வருஷம் ஓடிய அட்வென்ச்சர் பைக். நெஞ்சு உயரத்துக்கு ஹேண்டில்பார், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் அலகு நீட்டினது போல ஒரு மட்கார்டு. அதன்மேல் ஐந்தடி நாலங்குலப் புருஷன், ஒரு கால் நுனிவிரலில் தரையைத் தொட, இன்னொரு கால் அந்தரத்தில்.

"என்னங்க இது, ஒட்டகமா?" என்றாள்.

அன்றிலிருந்து அது ஒட்டகம்தான். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஓர் ஆசை வரலாமா என்று கேட்டால், வரக்கூடாதுதான். வந்துவிட்டது. துறையூரில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்த வண்டி. அவருக்கு இடுப்பு வலி வந்து விற்றார், இவனுக்கு ஆசை வந்து வாங்கினான். தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட் நவநீதன். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து இருபது வருஷமாக ஒரே நூறு சிசி வண்டியில் போய் வந்தவன். மலைக்கும் பாலைவனத்துக்கும் என்று செய்த வண்டியை வாங்கி, அதில் அதிகபட்சம் ஜீயபுரம் வரை போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் யாழினி பின்னால் ஏறிக்கொள்வாள். பிளஸ் டூ படிக்கிற பெண். காவிரியை ஒட்டி வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போய், ஒரு டீக்கடையில் வடை தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நவநீதனுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அந்த சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்துக் காரின் கூரை கண்ணுக்குக் கீழே தெரியும். வாழ்க்கையில் அவன் எதையும் அப்படி மேலிருந்து பார்த்ததில்லை.

அனுசுயா ஒரு நாளும் ஏறவில்லை. ஏறாததோடு விட்டாளா? ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள், நாளெல்லாம் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய வாய். "ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பாள். ஏதாவது பாகம் கிடைக்காமல் அவன் போனில் அலைந்தால், "அதோட ஒயருக்கு ஜப்பான்லேருந்து கப்பல் வருது. நம்ம வீட்டு மிக்சிய ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போக மட்டும் மேலூர் ரோட்டுல ஆள் இல்ல" என்பாள். அந்த வீடு அவள் பேச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நவநீதனும் முறைப்பது போல் முறைத்துவிட்டு, திரும்பி நின்று சிரித்துக்கொள்வான்.

ஒட்டகம் வந்தபின் முதல் ஆயுத பூஜை வந்தது. பழைய வண்டியென்றால் கறுப்பு பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். அதற்கு நவநீதனிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பழைய பனியனைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் பிளாஸ்டிக் புதுசு போலக் கறுத்துவிடும். நூறு சிசி வண்டியை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இப்படித்தான் தலை முதல் கால் வரை துடைப்பான். அதில் பிரேக் டிரம்முக்குள் மூடிக்கிடந்தது, எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. ஒட்டகத்துக்கு முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். வெளியே தெரிகிற அந்த வட்டத் தகடுகளில், கழுவின ஈரத்தில் லேசாகத் துரு படிந்திருந்தது. பூஜைக்கு நிற்கிற வண்டியில் துருவா? அதே பனியனால் அதையும் அழுத்தித் தேய்த்தான். கண்ணாடி மாதிரி மின்னியது. சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

வருஷா வருஷம் முதலாண்டு மாணவர்களுக்கு உராய்வுச் சோதனைக்குக் கட்டையும் சாய்தளமும் எடுத்து வைப்பவன் அவன்தான். எண்ணெய்க் கையோடு பலகையைத் தொடாதே, அளவு தப்பாக வரும் என்று பிள்ளைகளை அதட்டுபவனும் அவன்தான். அன்றைக்கு அதெல்லாம் கல்லூரி லேபிலேயே பூட்டிக்கிடந்தது.

ஆரத்தி எடுக்க அனுசுயாவைக் கூப்பிட்டான். அவள் சாமி படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு, கையில் கற்பூரத்தோடு நின்றிருந்தாள். அடுப்பில் சுண்டல் வேறு. ஒரு தரம் கூப்பிட்டான், இரண்டு தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வரேன்னு சொல்றேன்ல. அந்த ஒட்டகம் எங்கயாவது விழுந்து தொலைஞ்சாதான் இந்த வீட்டுக்கு நிம்மதி."

சொன்ன மறு நொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே வந்து ஆரத்தி சுற்றினாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள், எல்லாம் முறையாகத்தான் செய்தாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் யாழினியை ஏற்றிக்கொண்டு ஜீயபுரம் கிளம்பினான். தெருவுக்குள்ளேயே பிரேக் கொஞ்சம் வழுக்கின மாதிரி இருந்தது. நேற்றுக் கழுவின ஈரம் என்று நினைத்துக்கொண்டான். காவிரிப் பாலம் இறங்கிச் சிந்தாமணி பக்கம் முன்னால் போன பஸ் நின்றது. நவநீதன் பிரேக்கைப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. இருநூறு கிலோவுக்கு மேலான கனம், தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸில் மோதாமல் இருக்க இடது பக்கம் ஒடித்தான். ஓரத்து மணலில் சறுக்கிச் சாய்ந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. யாழினியின் இடது கால் அலுமினியப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, தகடு வைத்து ஆறு திருகு முடுக்கினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அனுசுயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தாங்க. என் வாய்தான். விளக்கை ஏத்தி வச்சுட்டு அந்த வார்த்தையைச் சொன்னேனே."

"அப்படியெல்லாம் இல்ல அனு" என்றான். அப்போது அவனுக்கும் காரணம் தெரியாது. இல்லை என்று அவன் சொன்னது மனசாரத்தான்.

மூன்றாம் நாள் பாலக்கரையில் நவ்ஷாத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். திருச்சியில் இந்த மாதிரி வண்டிகளைத் தொடத் தெரிந்த நாலைந்து மெக்கானிக்குகளில் நவ்ஷாத் ஒருவன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடைக் கழற்றி நவநீதனின் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"மோந்து பாருங்கண்ணே."

முகர்ந்தான். வாசனை தெரிந்தது. சின்ன வயதிலிருந்து தினமும் தலையில் வைக்கிற எண்ணெய் தெரியாதா?

"பேடு முழுக்க ஊறிக் கிடக்கு. டிஸ்க்ல யாருண்ணே எண்ணெய் போட்டது? வாட்டர் வாஷ்ல டீசல் அடிப்பானுங்க. இது டீசல் இல்லையே."

"நான்தான் தம்பி. துடைச்சேன்."

நவ்ஷாத் அவனை ஒரு கணம் பார்த்தான். வயதில் பெரியவனைத் திட்ட முடியாமல் பேடைத் துணியில் சுற்றிக் கீழே வைத்தான். "அல்லா காப்பாத்துனான். பாலத்து மேலயே வழுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? புதுப் பேடு வரவழைச்சுடறேன். இனிமே டிஸ்க்ல கைரேகைகூடப் படக் கூடாதுண்ணே."

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நவநீதன் போனான். வழியெல்லாம் தொண்டைவரை வைத்திருந்தான். அனுசுயா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"வண்டி எப்படி இருக்கு? சீக்கிரம் சரியாயிடுமா?"

வண்டி என்றாள். ஒட்டகம் என்று சொல்லவில்லை. எந்த வீட்டிலும் அந்த நேரத்தில் அந்தச் சனியனை முதலில் விற்றுத் தொலையுங்கள் என்றுதான் சொல்வார்கள். நவநீதனும் அதற்குத்தான் காத்திருந்தான்.

"அதை விக்கல்லாம் வேணாங்க. நான் சொன்ன சொல்லுக்கு அது என்ன பண்ணும்? அதுமேல என்ன தப்பு?"

அங்கேதான் அவன் வாயை மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் வண்டி அன்று சாயங்காலமே போய்விடும். சொல்லாவிட்டால் இருக்கும். கணக்கு அவ்வளவு சுருக்கமானது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளைக்கு எப்படிப்பட்டது என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று மாதம் போயிற்று. அனுசுயா பேச்சைக் குறைத்தாள். குறைத்தாள் என்பதுகூடச் சரியில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே விட்டாள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்வதில்லை, அரிசி வாங்கணும் என்றாள். கேலி நின்றது, கோபம் நின்றது. கடையில் அவளோடு வேலை பார்க்கும் லூர்துராணி ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, அனுவுக்கு என்ன ஆச்சு? சேலையைக் கலைச்சுப் போட்டுட்டு வாங்காம போறவங்களைக்கூட, நல்லாயிருங்கம்மாங்கறா. எங்களுக்குப் பயமா இருக்கு."

நவநீதனைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வண்டி சரியாகி வந்த முதல் ஒரு வாரம் அந்த அமைதி அவனுக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாக வண்டியை எடுத்தான், ஒரு சொல் இல்லை. பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினான், ஒரு சொல் இல்லை. அப்புறம் அந்தச் சுகம் போய்விட்டது. ஒரு மனுஷியின் வாயைக் கட்டி வைத்துவிட்டு அதன்மேல் ஏறி ஊர் சுற்றுகிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் சுற்றினான்.

பொங்கலுக்கு மறுவாரம் நவ்ஷாத்திடமிருந்து போன் வந்தது. நவநீதன் குளித்துக்கொண்டிருந்தான், யாழினி எடுத்தாள். புதுப் பேடு நன்றாகப் பிடிக்கிறதா, இந்தப் பொங்கலுக்கும் அப்பா எண்ணெய் தேய்த்துவிடவில்லையே என்று விசாரித்திருக்கிறான். நவநீதன் வெளியே வந்ததும் மகள் ஊன்றுகோலோடு எதிரே நின்றாள்.

"எண்ணெய்தானாப்பா காரணம்?"

"ஆமாம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாத. அம்மா மனசு தாங்காது."

இரண்டு நாள் கழித்து, "சொல்லிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்பதுபோல் அவன் தலையை ஆட்டினான். பெற்ற மகளிடம் அவன் சொன்ன பொய்களிலேயே வார்த்தை செலவில்லாத பொய் அது.

தை மாதக் கடைசியில் யாழினி ஊன்றுகோல் இல்லாமல் அறைக்கு அறை நடந்தாள். அனுசுயா அன்றிரவே நவநீதனிடம் தனியாகச் சொன்னாள். "சமயபுரத்தாளுக்கு முடி காணிக்கை வேண்டியிருக்கேன். யாழினி காலுக்கும், என் வாய்க்கும் சேர்த்து. ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடலாம்."

இடுப்பைத் தொடுகிற முடி அவளுக்கு. கல்யாணத்தன்று எல்லாரும் பார்த்துப் பேசிய முடி. நவநீதனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று அவன் செருப்பைப் போட்டபோது, அவள் வண்டிப் பக்கம் போய் நின்றாள். "இதுலயே போலாங்க. நான் ஒரு நாளும் ஏறலன்னு இதுக்கும் மனசுல இருக்கும்." பெட்ரோல் டேங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அவன் தோளைப் பிடித்து, இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வாங்கின நாளிலிருந்து அவன் ஆசைப்பட்ட காட்சி அது.

கொள்ளிடத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வழியாகப் போனார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அலுங்காமல் நின்றது. புதுப் பேடு, சுத்தமான தகடு, ஒரு விரலில் நின்றது. நிற்கிற ஒவ்வொரு தரமும், இதோ இப்போது சொல்லிவிடு என்று அவனுக்குள் ஒன்று சொல்லும். பச்சை விழும், போய்விடுவான்.

முடி காணிக்கை மண்டபத்தில் கூட்டம் குறைவு. அனுசுயா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் அவள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "பூ முடியாம்மா?" என்று கேட்டார். மூன்று கற்றை மட்டும் நறுக்கிக் கொடுப்பது பூ முடி, பெண்கள் பலரும் அதோடு முடித்துக்கொள்வார்கள்.

"இல்லங்க, மொட்டை."

"அனு" என்றான் நவநீதன்.

ஈரத் தலையோடு திரும்பினாள். "என்னங்க?"

அவ்வளவு அருகில் அவள் முகத்தை அவன் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தண்ணி குடிக்கிறியா?"

"வேணாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. முடி மடியில் விழ விழ, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நவநீதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது பதினொரு மணி. வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். யாழினி வாசற்படி வரை தானாக நடந்து வந்து, சந்தனம் பூசின தலையைப் பார்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "எனக்காக இவ்வளவு முடியையா கொடுத்தே" என்று அழுதாள்.

"உனக்காக மட்டும் இல்லடா. என் வாயாலதானே உனக்கு வந்துச்சு. இன்னியோட அந்தப் பாவம் போச்சு" என்றாள் அனுசுயா.

யாழினி கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலையாப்பா?"

"எதைடா?" என்றாள் அனுசுயா.

இனிமேல் நாளைக்கு என்று ஒன்று இல்லை. நவநீதன் சொன்னான். தேங்காய் எண்ணெய், பனியன் துணி, நவ்ஷாத் முகரச் சொன்ன பேடு, எல்லாவற்றையும் நின்ற இடத்தில் சொன்னான். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மூணாம் நாளே."

அனுசுயாவின் கை மெல்ல மேலே போய், தலையைத் தொட்டது. சந்தனம் விரலில் ஒட்டியது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திட்டு அனு" என்றான். "என்ன வேணா சொல்லு. வண்டியை இன்னிக்கே கொடுத்துடறேன்."

அவள் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, மகளைக் கைத்தாங்கலாக உள் அறைக்குக் கூட்டிப் போனாள். நவநீதன் கூடத்தில் உட்கார்ந்தான். சாப்பாட்டு நேரம் தாண்டியது. யாரும் இலை போடவில்லை.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. நாலு மாதமாகக் கேட்காத குரல், மடை திறந்த மாதிரி. "மொட்டை மண்டையில காத்து அடிக்குது பாரு, ஏசி போட்ட மாதிரி. நாளைக்குக் கடையில லூர்துராணி என்னைப் பார்த்து மயக்கம் போட்டு விழப்போறா. ஏன்டி, அந்த ஒட்டகத்து மேல எப்படிடி ஜீயபுரம் வரைக்கும் போனே? ஏறி இறங்கறதுக்குள்ள என் இடுப்பு கழண்டுபோச்சு." யாழினி சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

நவநீதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒட்டகம் என்றாளே. எழுந்து, கிட்டத்தட்ட ஓடிப்போய் அறை வாசலில் நின்றான்.

பேச்சு நின்றது. அனுசுயா துண்டைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கடையில் தெரியாத வாடிக்கையாளரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

"உங்க வண்டி வெயில்ல நிக்குது. பிளாஸ்டிக் வெளுத்துடும். நிழல்ல கொண்டுபோய் விடுங்க."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றான். உள்ளே பேச்சு மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.