மூன்றாம் சிகரத்துக்கு முன்

முதல் சிகரத்தில் ஏறியதும் ஜடையன் பூட்ஸைக் கழற்றினான். உச்சியில் கற்களைக் குவித்துச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்து ஹனூர்க்காரனுக்கு அது போதும். மலை உச்சி என்றால் மாதேஸ்வரன் இருக்கிற இடம். அங்கே செருப்போடு நின்று பழக்கமில்லை. காலுறையோடு பனியில் நின்று கும்பிட்டான்.

"சாமி இமாச்சலத்துக்கு மாற்றலாகி வந்துட்டாரா?" என்றான் மதன்.

"மலைன்னா அவருதுதாண்டா."

மூவருக்கும் மைசூரில் ஒரே தொழிற்சாலை. ஜடையனும் மதனும் லேத் பிரிவு. பசவராஜ் அவர்களுடைய சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் ஒன்றாகச் சாமுண்டி மலைப் படி ஏறுகிறவர்கள். மூன்று வருட லீவைச் சேர்த்து, தொண்ணூற்றாறு டிசம்பரில் இங்கே வந்திருந்தார்கள். ஒரே நாளில் மூன்று சிகரம். கிளம்பும்போதே வழிகாட்டி சொல்லிவிட்டான்: ஒருவருக்கு முடியாவிட்டாலும் எல்லோரும் திரும்ப வேண்டும்.

இரண்டாவது சிகரத்திலும் ஜடையன் பூட்ஸைக் கழற்றினான். வழிகாட்டி இந்தியில் சத்தம் போட்டான். கும்பிட்டு முடித்துத்தான் ஜடையன் மாட்டிக்கொண்டான்.

இறக்கத்தில் ஈரக் காலுறைக்குள் இடது கால் எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. நிம்மதியாக இருந்தது. ஒரு கல்லில் இடித்துக்கொண்டபோதுதான் விரல்களில் உணர்வே இல்லை என்று தெரிந்தது.

மூன்றாவது சிகரம் எதிரே, ஒரு மணி நேர நடையில். அதன் படத்தை மதன் தன் மெஷின்மேல் இரண்டு வருடமாக ஒட்டி வைத்திருந்தான். ஜடையன் வாயைத் திறக்கவில்லை. நடந்தான்.

"நில்லு," என்றார் பின்னால் வந்த பசவராஜ். "காலை ஏன் கட்டை மாதிரி வைக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"கழட்டு."

விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. வழிகாட்டி குனிந்து பார்த்தான். இன்னொருவர் வயிற்றுத் தோலில் ஒட்டி வைத்துச் சூடேற்ற வேண்டும், பிறகு கீழே இறங்க வேண்டும் என்றான். பசவராஜ் பாறையில் உட்கார்ந்து ஸ்வெட்டரைத் தூக்கினார்.

"கொடு."

"உங்க மேல காலை வைக்கறதா? மாட்டேனுங்க சார்."

தெரியாமல் யார்மேலாவது கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் அவன்.

"ஷிஃப்டுல நான் சொல்லி நீ கேக்காம இருந்திருக்கியா?"

"அது வேறங்க."

"விரல் போச்சுன்னா மெஷின் முன்னால எட்டு மணி நேரம் எப்படி நிப்ப, மகராசா? கொடு."

ஜடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினான். பசவராஜ் அதை இழுத்து வயிற்றில் வைத்தார். "அய்யப்பா!" என்று அலறினார். மதன் சிரித்துவிட்டான். பிறகு எழுந்து, காற்று வரும் பக்கமாக வந்து மறைத்து உட்கார்ந்தான்.

"நீங்களாச்சும் மேல போயிட்டு வாங்க," என்றான் ஜடையன்.

"பேசாம இரு. எங்கிட்ட வேற காலுறை இருக்கு," என்றான் மதன். "துவைக்காதது. முன்னாலேயே சொல்லிட்டேன்."

மூன்றாவது சிகரத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. மதன் ஒரு தடவை அதைப் பார்த்தான். பிறகு பைக்குள் கையைவிட்டுத் துழாவினான்.

வெகுநேரம் கழித்துச் சுண்டுவிரலில் ஊசி குத்தியது. அப்புறம் பாதம் முழுக்க நெருப்பு. ஜடையன் பல்லைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?" என்றார் பசவராஜ்.

"உயிரே போகுதுங்க சார்."

"அப்பாடா," என்றார் அவர். காலை மட்டும் விடவில்லை.