புனித வெள்ளியன்று போட்ட ஓட்டு

நானும் ஹார்வியும் பத்து வருடம் ஓட்டே போடவில்லை. அவன் மரம் ஏற்றும் லாரிகளின் முதலாளி, நீலக் கட்சி. நான் மர ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவன், ஆரஞ்சுக் கட்சி. எங்கள் தீவுத் தொகுதியில் போட்டி இந்த இரண்டுக்கும்தான். என் ஓட்டை அவன் ஓட்டு தின்றுவிடும், அவனுடையதை என்னுடையது. எதற்கு வீணாக வரிசையில் நிற்பது? தேர்தலன்று அவன் படகில் போய் நண்டுப் பொறி இறக்குவது என்று கை குலுக்கிக்கொண்டோம்.

தலைநகரில் நீலத்தின் ஆட்சி விழுந்து, எங்கள் தொகுதியில் எடுபடாத சிவப்புக் கட்சி வந்தது. பிறகு அந்தச் சிவப்பை நாடே வெறுத்தது. நாங்கள் நண்டு தின்றுகொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரு குளிர்காலத்தில் தெற்கு எல்லைக்கு அப்பாலிருக்கும் பெரிய நாட்டுக்காரர்கள் வரி போடுவோம், உங்கள் நாட்டையே விழுங்குவோம் என்று மிரட்ட, எதிர்த்து நிற்போம் என்று சொல்லிச் செத்துக்கிடந்த சிவப்பு எழுந்து உட்கார்ந்தது. எனக்கும் பயம் பிடித்தது. அடுத்து வந்த தேர்தலுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாள் புனித வெள்ளியன்று வந்தது. யாருக்கும் சொல்லாமல் போய்ச் சிவப்புக்குப் போட்டேன். ஒரே பென்சில் கீறலில் கட்சிக்கும் துரோகம், ஹார்விக்கும் துரோகம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்கூட வியாழக்கிழமையோடு வேலையை முடித்துக்கொண்டான்.

தேர்தலன்று காலை ஹார்வி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். வண்டியில் ஏறச் சொன்னான். போன வருடம் அவன் மனைவி மார்னி சாகக் கிடந்தபோது, வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட மகளுக்குப் பாஸ்போர்ட் வாங்கிக்கொடுத்து நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், ஆரஞ்சுக் கட்சி அம்மா. அவர் இந்த முறை தோற்றுவிடுவார் என்று பேச்சு. ஆரஞ்சுக்காரர்களே பயந்து சிவப்புக்கு ஓடுகிறார்களாம்.

"ஓடட்டும் கோழைப் பசங்க. நான் இன்னிக்கு அந்தம்மாவுக்குத்தான் போடறேன். நீயும் போடு. ரெண்டு ஓட்டுடா, க்ளென். செத்து மேல போனா நீலக்காரன் எங்கப்பன் என்னை உதைப்பான், பரவாயில்ல."

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றது. வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். என் வயதில் அதை யாரும் நம்புவார்கள். ஆனால் அவன் சுற்றிவந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டு நின்றான்.

"நான் போட்டுட்டேன் ஹார்வி. வெள்ளிக்கிழமையே."

அவன் என்னையே பார்த்தான். "அந்தம்மாவுக்குத்தானே?"

"சிவப்புக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்க ஆளுங்க பத்து வருஷமா என்னை முட்டாள்னாங்க. க்ளென் வார்த்தை மாறமாட்டான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றான். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனான்.

சிவப்பும் ஆரஞ்சும் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, நடுவில் நீலம் ஜெயித்தது. மறுநாள் ஹார்வி வீட்டுக்குப் போனேன். ஜெயித்தது அவன் கட்சியல்லவா, வாழ்த்துச் சொல்கிற சாக்கில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கணக்கு. கதவைத் திறந்தவன் உள்ளே வரச் சொல்லவில்லை.

"அந்தம்மாவைப் போய்ப் பாத்தியா?" என்றான்.

இல்லை என்றேன். கால் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"நான் காலையிலேயே போயிட்டு வந்தேன். உன்னை விசாரிச்சாங்க. க்ளென் ஓட்டாவது நமக்கு விழுந்திருக்கும்னாங்க." கதவில் கை வைத்தான். "நான் ஒண்ணும் சொல்லல."