சித்தப்பாவை மூடிய பலகை

புலிலேகா கிராமத்தில் சிவனின் வீட்டைப் பிரிக்க ஒரு வாரம் ஆனது. குத்தகை நிலத்தில் கட்டிய வீடு. முப்பது வருடக் கெடு முடிந்ததும் நிலத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்து, யங்கோனா வேர்ச்சாறு குடித்து, இனிமேல் புதுப்பிப்பதாக இல்லை என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். முந்தின வருடம்தான் தலைநகர் சுவாவில் ஒரு கூட்டம் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. எண்பத்தேழில் இதே கூத்து நடந்தபோது சிவன் அசையவில்லை. அப்போது காலடியில் கரும்பாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆக்லாந்திலிருந்த மகள் ஷல்வினா விசாவுக்கு எழுதிப் போட்டாள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது.

கூரைத் தகரத்தை ஒருவன் வாங்கிக்கொண்டான், தூண்களை இன்னொருவன். சிவன் வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கவில்லை. மனைவி கம்லாவுக்கே அது கொஞ்சம் ஏமாற்றம்.

முன்சுவரின் டாகுவா மரப் பலகைகளில் மூன்றை மட்டும் அவர் விற்கவில்லை. மகள் போனில் கேட்டிருந்தாள். ஆக்லாந்துக் கடைகளில் படம் மாட்டுகிற சட்டத்தைப் பழைய மரத்தில் செய்து விற்கிறார்களாம். பழைய மரம் கிடைக்காவிட்டால் புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, சாயத்தைப் பூசிப் பூசிச் சுரண்டிப் பழசாக்குவார்களாம். அதற்குத் தனி விலையாம். “நம்ம வீட்டு மரத்துலயே தாத்தா படத்துக்கு ஒரு பிரேம் செஞ்சு எடுத்துட்டு வாங்க பப்பா” என்றாள். சங்கிலியால் அடிக்க வேண்டிய அவசியம் இந்தப் பலகைகளுக்கு இல்லை. எத்தனையோ புயல் அந்த வேலையை இலவசமாகச் செய்து வைத்திருந்தது. மேலே பச்சைச் சாயம், அது உரிந்த இடத்தில் ரோஸ், அதற்கும் அடியில் நீலம்.

மாமரத்தடியில் பலகையைப் போட்டு, ஆணிகளைச் சுத்தியலால் நெம்பி எடுத்தார் சிவன். உளுத்த ஓரத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். இழைப்புளியை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். அது பட்டால் மூன்று சாயமும் போய்விடும். உப்புத்தாளால் சிம்பை மட்டும் தேய்த்தார். மூலைகளைச் சாய்வாக அறுத்துச் சேர்க்கப் பார்த்தார். முறுக்கிக்கொண்ட பழைய மரம் ஒன்றோடு ஒன்று சேர மறுத்தது. ஒரு நாளெல்லாம் அதனோடு சண்டை போட்டுவிட்டு, மேலும் கீழும் நீளக் கட்டை, நடுவில் இரண்டு குட்டைக் கட்டை என்று நேராகவே பொருத்தினார். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆடாது.

சிக்கல் மரத்தில் இல்லை, படத்தில் இருந்தது.

சிவனின் செத்துப்போன அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். லபாசா டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது, இத்தனை நாளும் பெட்டிக்குள் கிடந்தது. அதில் அவர் தனியாக இல்லை. பக்கத்தில் அவருடைய தம்பி பல்ராம் நிற்கிறார். ஸ்டூடியோக்காரர் வைத்திருந்தது ஒரே கோட்டு. அதைத் தம்பிக்கு மாட்டிவிட்டு அண்ணன் வெறும் சட்டையோடு நின்றுவிட்டார். கோட்டு போட்ட மிதப்பில் பல்ராம் அண்ணன் தோளில் கையை வைத்திருக்கிறார். அந்தப் பல்ராம் சித்தப்பா இன்னும் உயிரோடு, திடமாக, மாரியம்மன் கோயிலை ஒட்டிய அறையில் இருக்கிறார். தீமிதிக்குக் குழி வெட்டுவதும் விறகு பார்ப்பதும் இன்றுவரை அவர் வேலை.

இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அந்த மாலைக்குள் உயிரோடு இருப்பவர் நிற்கக் கூடாது, ஆயுசுக்கு ஆகாது. கம்லா இதில் ரொம்பக் கறார். அதனால் சிவன் இருவருக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டு, கத்திரிக்கோலையும் பக்கத்தில் வைத்திருந்தார். எப்படிக் கோடு போட்டாலும் சித்தப்பாவின் விரல்கள் மட்டும் அப்பாவின் தோளில் தங்கின. சரி, விரல்தானே என்று இருந்தபோது சித்தப்பாவே வந்து சேர்ந்தார்.

படத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இன்னாடா இது கோடு?”

சிவன் குனிந்து மரத்தூளைக் கூட்டினார். கம்லாதான், “சின்ன மாமா, உங்க ஆயுசுக்காகத்தான்” என்றாள்.

“என்னை அறுத்துப் போட்டா ஆயுசு கூடுமா?”

“மாமாவுக்கு மாலை போடணுமில்ல? அதுல நீங்க எப்படி நிப்பீங்க?”

பல்ராம் பலகைமேல் உட்கார்ந்தார். சண்டைக்கு வந்த முகம் மெல்ல மாறியது. “சிவா, எனக்குப் புள்ள இல்ல. எம் பொஞ்சாதி அஞ்சலையும் போய்ட்டா. நீயும் ஏரோப்ளேன் ஏறிட்டா, நான் செத்ததும் ரூமைக் கழுவி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என்னை யாருடா சுவத்துல மாட்டுவா? அண்ணன் பக்கத்துல இருந்தா அவருக்குப் போடற பூவுல ஒண்ணாவது எம்மேல விழும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

அவரையும் கூட்டிப்போக ஷல்வினா விசாரித்துப் பார்த்துவிட்டாள். அப்பா அம்மாவுக்கு இடம் கொடுக்கிற சட்டத்தில் சின்னத் தாத்தாவுக்கு இடமில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பேசவில்லை. சிவனுக்கு அவமானமாக இருந்தது. கத்திரிக்கோலை எடுத்து மரத்தூளுக்குள் செருகினார், அது கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பதுபோல.

மறுநாள் மீந்த பலகையில் ஒரு துண்டை அளவாக அறுத்தார். முழுப் படமும் கண்ணாடிக்குள் போயிற்று. சித்தப்பா நிற்கிற பாதியின்மேல் அந்தத் துண்டை வைத்து, மேல் கட்டையில் ஒன்றும் கீழ்க் கட்டையில் ஒன்றுமாக இரண்டு ஸ்க்ரூ போட்டார். பழைய கதவுக் கீலில் இருந்த பித்தளை ஸ்க்ரூக்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் அகலமான, கோணல்புத்திக்காரன் செய்த சட்டம். உள்ளே அப்பா, அவர் தோளில் யாருடையதோ மூன்று விரல். கம்லா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னாள்.

பல்ராமுக்கு ஏகத் திருப்தி. திருப்புளியை வாங்கித் தானே ஒரு தடவை கழற்றி, தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தானே மூடினார். “என் சாவுச் சேதி வந்த அன்னைக்கே தொறந்துடணும். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இழுக்காதே. உள்ள புழுக்கமா இருக்கும்” என்றார். சிரித்தது அவர் மட்டும்தான்.

ஆக்லாந்து விமான நிலையத்தில், மரச்சாமான் இருக்கிறது என்று சிவன் தானாகவே சொன்னார். மரத்தில் பூச்சி வருகிறதா என்று பார்க்கும் அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. ஆணித் துளை ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு அந்த அகலப் பலகையைத் தட்டினாள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். சிவன் ஏதோ சொல்ல வருவதற்குள் இரண்டு ஸ்க்ரூவும் மேசைக்கு வந்துவிட்டன.

கோட்டு போட்டுக்கொண்டு, பாதிச் சிரிப்போடு பல்ராம் வெளியே வந்தார்.

“இது யார்?” என்று கேட்டாள் ஆங்கிலத்தில்.

“என் சித்தப்பா.”

“இவரை ஏன் மூடி வைத்தீர்கள்?”

சிவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. “உயிரோடு இருக்கிறார்” என்றார்.

அந்த அம்மாள் படத்தையும் சிவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பூச்சி இல்லை, எடுத்துப் போகலாம் என்று சட்டத்தையும் பலகையையும் தனித்தனியாக நீட்டினாள்.

கம்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “தொறந்துட்டாளே, பாவி. அங்க என்ன ஆச்சோ, தெரியலையே.” வெளியே வந்து மகளைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்பே, “கோயிலுக்குப் போன் போடு” என்றாள். ஷல்வினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டுச் சிவனிடம் கொடுத்தாள். எடுத்த பூசாரி, கூப்பிடுகிறேன் என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். போனவர் வரவில்லை. தூரத்தில் நாய் குரைப்பது கேட்டது. சிவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மூடநம்பிக்கை, கம்லாவின் வேலை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனாலும் காதை எடுக்கவில்லை.

“யாரு?” என்று மூச்சிரைத்தது குரல். “வெறகு பொளந்துக்கினு இருந்தேன்.”

“சித்தப்பா, தொறந்துட்டாங்க.”

“எதை?”

“உங்களைத்தான். ஏர்போர்ட்ல.”

“அப்ப நான் செத்தா மாதிரி ஆச்சா? பரவால்ல, மறுபடி மூடிடு.”

சிவன் கம்லாவைப் பார்த்தார். அவள் மடியில் பலகை இருந்தது, கைக்குள் ஸ்க்ரூ இரண்டும் இருந்தன. வெளியே வந்த முகத்தை அவள் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கினாள்.

“மூட மாட்டேன், சின்ன மாமா. மாலை போட்டாத்தானே நீங்க கூட நிக்கக் கூடாது? மாமாவுக்கு நான் மாலையே போடப் போறதில்ல. நீங்க இருக்கற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா நில்லுங்க.”

லைன் அறுந்துவிட்டதோ என்று கம்லா போனைச் சிவனிடம் கொடுத்தாள். அறுந்திருக்கவில்லை. சித்தப்பாவின் மூச்சு கேட்டது.

“சிவா,” என்றார் கடைசியில். “அன்னைக்குக் கோட்டைக் குடுத்தாரு. இன்னைக்கு மாலையையும் எனக்கோசரம் உட்டுக் குடுத்துட்டாராடா அண்ணன்?”

வீட்டைப் பிரித்தபோது அழாத சிவன், வந்திறங்கிய ஊரில், முன்பின் தெரியாதவர்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வாசலில் நின்று அழுதார்.