ஆறாவது பூட்டு

டயாலிசிஸ் மையத்தில் நர்சுகள் அவனுக்கு வைத்த பெயர் பூட்டு. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் சின்னப் பூட்டைப் போட்டுக்கொடுக்க வந்தவன் என்பதால். திங்கட்கிழமை காலை அந்தப் பூட்டைக் காணவில்லை. பதிவுப் பக்கத்தைத் திறந்த நோயாளிகளுக்கெல்லாம் இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. பயந்துபோய் ஃபோன் செய்தார்கள்.

அத்தனை ஃபோனையும் எடுத்தவள் அவன் அக்கா. முன்மேசை அவளுடையது. இரண்டு கல்லூரிகளைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் கிடந்த தம்பியை அவள்தான் மேலாளரிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் இலவசமாகவே போட்டுத் தருவான் என்று வாக்கும் கொடுத்திருந்தாள். அன்று பன்னிரண்டு மணிக்கு வேறொரு நிறுவனத்தின் ஆள் வருவதாக இருந்தது. பதிவு, ஃபோன், நினைவூட்டல் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்குள் பக்கம் சரியானால் பழைய ஏற்பாடு தொடரும். இல்லையென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்து, முன்மேசைக்கு வேலை இல்லை. மேலாளர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஊசிப் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் அறையில், லினக்ஸ் சர்வருக்கு முன்னால் அவன் உட்கார்ந்தான். அந்தப் பூட்டு தெரிவதற்கான சான்றிதழின் ஆயுள் தொண்ணூறு நாள், அது முடிந்திருந்தது. பழையதை அழித்தான், புதியதற்குக் கட்டளை கொடுத்தான். கிடைத்துவிட்டது என்று திரை சொன்னது. பக்கத்தைத் திறந்தால் அதே சிவப்பு. அடியோடு அழித்துவிட்டு மறுபடி வாங்கினான். சிவப்பு. ஒன்று சரியாக வரவில்லை என்றால் அங்கேயே நின்று பார்க்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். படித்ததும் அப்படித்தான். ஐந்து முறை வாங்கினான், ஐந்து முறையும் அதோடு வரும் ரகசியச் சாவிக் கோப்போடு சேர்த்து அழித்தான். ஆறாவது முறை வேறு பதில் வந்தது: இதே பெயருக்கு ஒரு வாரத்தில் ஐந்துக்கு மேல் கிடையாது.

அதற்குப் பிறகுதான் சர்வரின் அமைப்புக் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தான். மூன்று மாதம் முன்பு அவசரத்தில் சான்றிதழை வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்து வைத்து, சர்வருக்கு அந்த நகலைக் காட்டியிருந்தான். புதியவை எல்லாம் சரியான இடத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. சர்வர் மட்டும் செத்துப்போன நகலையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஒரு மாதம் முன்பே சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. காலையில் முதலில் அவன் அழித்தது அதைத்தான். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. மாற்றினான். அந்த வரி காட்டும் இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

வழங்கப்படும் சான்றிதழ்களையெல்லாம் யாரும் பார்க்கும்படி ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றிவைப்பார்கள். அங்கே போய்ப் பார்த்தான். அவன் வாங்கிய ஐந்தும் இருந்தன, ஐந்தும் செல்லுபடியாகும். சாவி இல்லாமல் அவற்றை வைத்துக்கொண்டு நாக்குகூட வழிக்க முடியாது.

பதினொன்றே முக்காலுக்கு அக்கா எட்டிப் பார்த்தாள். “பூட்டு வந்துச்சாடா?”

“அஞ்சு வந்துச்சுக்கா.”

“அப்புறம் என்ன?”

“அஞ்சையும் நானே தூக்கிப் போட்டுட்டேன்.”

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். “மூளையையும் சேர்த்துப் போட்டியா, இல்ல அது முன்னாடியே போயிடுச்சா?” என்றாள். வெளியே ஃபோன் அடிக்க, போய்விட்டாள்.

ஒரு வழி மிச்சமிருந்தது. சான்றிதழ் கேட்கும்போது தளத்தின் பெயரோடு இன்னொரு பெயரையும் சேர்த்தால் அது புதுக் கோரிக்கையாகிவிடும், வரம்பு தடுக்காது. ஆனால் அதற்குத் தளத்தின் முகவரியைப் பதிவுசெய்து வைத்திருக்கும் கணக்குக்குள் நுழைய வேண்டும். அதன் பாஸ்வேர்டு மேலாளரிடம் இருந்தது. போய்க் கேட்டான். வந்திருந்த ஆளுக்குக் காபி கொடுத்துக்கொண்டே மேலாளர் சொன்னார்: “இருக்கிற ஒரு பேரே உங்களால தாங்கல தம்பி. இன்னொண்ணு எதுக்கு?”

பத்து நிமிடம் போதும் என்றான். பணம் கட்டியாவது ஒன்று வாங்கலாம் என்றான். வந்த ஆள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்ததே மரியாதை. மேலாளர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஒரு துண்டுத் தாளில் அதே பாஸ்வேர்டை எழுதி அவனிடம் நீட்டினார். முகவரியைப் புது நிறுவனத்தின் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டுமாம், அது முடிந்ததும் அவன் கிளம்பலாமாம்.

முன்மேசைக் கணினியில்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். அவன் பழைய சர்வரின் எண்களை எடுத்துப் புதியதன் எண்களைப் போட்டான். அவளுடைய கண்ணாடிக் கூடு, பேனா ஒவ்வொன்றும் அவன் கைக்குப் பக்கத்திலிருந்து கீழே அவள் கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் பக்கம் திறந்தது, பூட்டோடு.

“சரியாயிடுச்சா?” என்றாள்.

“ஆச்சு.”

“நகரு, பையோட வாரு உன் நாற்காலிக் காலுக்கடியில மாட்டிக்கிச்சு.”