அமைதிக்கு ஐந்து மதிப்பெண்

ஓஹையோ மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் லோர்னா விட்கம். தேர்வு நெருங்கியதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தினமும் முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் வாய் திறக்காமல் பூப்படங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். தீட்டுமுன்னும் தீட்டியபின்னும் மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் எல்லாரும் நான்கில் தொடங்கினார்கள். வண்ணப் பென்சில் சீவ இருபத்தெட்டுப் பேருக்கும் ஒரே ஷார்ப்னர் என்பதால், அடிதடி முடிந்தபோது இரண்டுக்கு இறங்கியிருந்தார்கள்.

தலைமையாசிரியர் கிராண்டல் தாள்களைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்ன லோர்னா, அமைதி இப்படிச் சரியுது? வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு வரலேன்னா உங்க வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ்தான்."

"அமைதிக்குமா சார்?"

"பின்னே? மேல கேக்கிறாங்கல்ல!"

வெள்ளிக்கிழமை காலை லோர்னாவுக்குத் தலை வெடித்துவிடும்போல் வலித்தது. மிஞ்சிய படம் ஒன்றை எடுத்து, ஓர் இதழுக்கு நீலம் தீட்ட ஆரம்பித்தாள். இறுகியிருந்த தோள்கள் மெல்லத் தளர்ந்தன. டீச்சரை அப்படிப் பார்த்தறியாத பிள்ளைகள் தாமாகவே அடங்கிப்போனார்கள். பென்சில் முனை உடைந்தவன்கூட எழுந்திருக்காமல் நகத்தால் சுரண்டிக்கொண்டான்.

கதவைப் படாரென்று திறந்தார் கிராண்டல். "லோர்னா! மார்க் எங்கே?"

முன்வரிசை மாரிபெல் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசுங்க சார். மிஸ் இப்பத்தான் அஞ்சுக்கு வந்தாங்க."

திடுக்கிட்ட லோர்னாவின் நீலம் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. மாரிபெல் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"போச்சு. ஒண்ணுன்னு எழுதிக்கோங்க சார்."