எழுமலையில் வெட்டிய குழி

முத்திருளன் காலை ஐந்து இருபதுக்கு இறந்தார். ஆறு மணிக்குள் கனகலட்சுமி மூன்று பேருக்குப் போன் செய்துவிட்டாள். தோகாவில் வேலை பார்க்கும் மகன் ராம்கிக்கு முதலில். அவருடைய சொந்த ஊரான எழுமலையில் இருக்கும் கொழுந்தன் பேயாண்டிக்கு அடுத்து. மூன்றாவது, மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை உதவியாளருக்கு.

"நாளையிலருந்து மூணு நாள் லீவும்மா. இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள கொண்டாந்துருங்க" என்றார் உதவியாளர்.

உடலைக் கல்லூரிக்குக் கொடுப்பதாக முத்திருளன் நான்கு வருடத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சாட்சிக் கையெழுத்து அவளுடையது. எழுமலைக்கு இது தெரியாது. "நான் போனப்புறம் நீயே சொல்லிக்க. எனக்குத் தைரியம் இல்ல" என்று சிரித்திருந்தார். யுத்தத்தில் இருந்த மனிதர் சொன்ன பேச்சு அது.

இருபத்தாறு வருடம் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் விமானப் படையில் ஏர்மேன். பறப்பவர் அல்ல, பறக்கும் விமானத்தைப் பழுதுபார்த்து அனுப்புகிறவர். எழுபத்தொன்று யுத்தத்தில் அவருக்கு இருபது வயது. ஊரில் அவரைப் பேராசிரியராக யாரும் எண்ணியதில்லை. பசுமாடு கன்று போட முடியாமல் தவித்தால்கூட, "பிளேன்காரருக்குப் போனப் போடு" என்பார்கள்.

ஒன்பதரைக்குத் திருநகர் வீட்டு வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. கொட்டுக்காரர்கள் இறங்கினார்கள். பேயாண்டி ஆளுயர மாலையோடும், சீருடையில் அண்ணன் நிற்க அவர் தலைக்கு மேல் போர் விமானம் பறக்கும் பிளக்ஸ் போர்டோடும் இறங்கினார். அவர் மனைவி ஒச்சாயி தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து, கனகலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"என்னக்கா, ஐஸ் பெட்டிகூட எடுக்கல?"

"வேண்டாம் ஒச்சாயி. ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் வருது."

"ஆம்புலன்ஸ் எதுக்கு? எழுமலைக்கு நம்ம வேன்லயே கொண்டு போயிரலாமே."

"எழுமலைக்கு இல்ல" என்றாள் கனகலட்சுமி. மடியில் இருந்த காகித உறையைப் பிரித்துக் காட்டினாள். டாக்டர் சான்றிதழ், அவர் எழுதிய பத்திரம், இரண்டு ஆதார் நகல்.

பேயாண்டி பத்திரத்தை இரண்டு முறை படித்தார். கொட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"மதினி, அஞ்சே முக்காலுக்கே ஆள விட்டுக் குழி வெட்டச் சொல்லிட்டேன். எங்க ஆத்தாவுக்குப் பக்கத்துல. இந்நேரம் அஞ்சடி போயிருக்கும்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல தம்பி."

"எங்கண்ணனப் பொதைக்க நான் யாரக் கேக்கணும்? காலேஜுப் பயலுக அறுத்துப் பழக எங்கண்ணன் என்ன செத்த மாடா?"

நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "இவரு எத்தன மாட்ட அறுத்துருப்பாரு? அதுக பூராம் ஒண்ணு சேந்து கேஸப் போட்டிருச்சுக போல."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பத்தே காலுக்கு ராம்கி வீடியோவில் வந்தான். "அம்மா, நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். அதுவரைக்கும் வைங்கம்மா. ஒரே ஒருதடவ பாத்துக்கிறேன்."

"காலேஜுக்கு லீவு விட்டுர்றாங்கப்பா. அப்புறம் எடுக்க மாட்டாங்க. அப்பா எழுதிக் கொடுத்திருக்காரு."

போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கை வலித்தது, மாற்றிப் பிடித்தாள். அவன் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தான்.

"அவரு சொன்னபடியே செய்ங்கம்மா" என்றான் கடைசியில். "ஆனா நான் வரல. வந்து யாரப் பாக்க?"

பன்னிரண்டு மணிக்கு மேல், பேயாண்டியை அவள் உள் அறைக்குக் கூப்பிட்டாள். வேறு வழி தெரியவில்லை. முத்திருளன் சாகும்வரை அவளிடம் மட்டுமே சொன்ன ஒன்றை எடுத்துச் சொன்னாள்.

"தம்பி, சண்டை நடக்கயில ஒரு பிளேன் திரும்பி வந்து எறங்கயில எரிஞ்சுருச்சு. ஓட்டுனவரு சின்னப் பையன். உங்கண்ணனும் இன்னொருத்தரும்தான் அள்ளுனாங்க. ஒரு வாளிக்குக்கூட வரல. பெட்டி லேசா இருந்தா வீட்டுல சந்தேகம் வருமுன்னு, மணல் மூட்டைய வச்சு ஆணி அடிச்சாங்க. அந்தப் பெட்டியோட உங்கண்ணந்தான் ரயில்ல போனாரு. அந்தப் பையனோட அம்மா, ஒருதடவ தெறந்து காட்டுப்பான்னு காலப் புடிச்சிருக்கு. தெறக்கக் கூடாது, மேல உத்தரவுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. 'மூடுன பெட்டியில என்னைய வைக்காத கனகு, என்னையாவது தெறந்து பாக்கட்டும்'னாரு. நான் சரின்னுட்டேன். அம்புட்டுத்தான்."

பேயாண்டி ஏசுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அந்தத் தாய்க்குக் கட்டிப் புடிச்சு அழுக ஒரு பெட்டியாச்சும் கெடச்சுச்சு மதினி" என்றார். "எங்களுக்கு?"

பதிலுக்கு நிற்காமல் அவர் வெளியே போனார்.

நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டினார்கள். பேயாண்டிதான் மாலையைப் போட்டார். ஆம்புலன்ஸுக்கு முன்னால் தெருமுனைவரை கொட்டு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. வண்டியில் ஏற ஆண்கள் யாரும் முன்வரவில்லை. டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க மட்டுந்தானாம்மா?" என்றான். அவள் தலையசைத்தாள்.

கல்லூரியில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். உதவியாளர் பதிவேட்டில் ஓர் எண்ணை எழுதி, அதே எண்ணைத் துணிப்பட்டையிலும் எழுதி அவர் கால் கட்டைவிரலில் கட்டினார். "பசங்க மொதநாளு இவரக் கும்பிட்டுத்தாம்மா ஆரம்பிப்பாங்க" என்றார். நல்ல மனிதர். மேற்கொண்டு நிற்க அங்கே அவளுக்கு வேலை எதுவும் இல்லை.

நாலு பத்துக்கு வீடு திரும்பினாள். வேன்கள் போயிருந்தன. போவதற்கு முன்னால் ஒச்சாயி வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தாள். தரை இன்னும் காயவில்லை. பிளக்ஸ் போர்டைக் காம்பவுண்டுச் சுவரில் முகம் உள்பக்கமாகத் திருப்பிச் சாய்த்திருந்தார்கள்.

ஐந்து மணிக்குப் பேயாண்டி போன் செய்தார்.

"மதினி, குழி அப்படியே கெடக்கு."

"மூடிரச் சொல்லுங்க தம்பி."

"வெட்டுன குழிய வெறுமனே மூடக் கூடாதுங்கறாக. அடுத்து ஒரு ஆளக் கேக்குமாம். பெருசுக, ஒரு சேவலப் போட்டு மூடுங்கறாக. சேவலப் புடிச்சுக் காலக் கட்டியும் வச்சாச்சு. எங்கண்ணன் எடத்துல சேவலா மதினி? அவரு சட்டை ஒண்ணு இருந்தாக் குடுத்து விடுங்க. அதையாச்சும் போட்டு மூடிக்கிறோம்."

போனைக் காதில் வைத்தபடியே அலமாரியைத் திறந்தாள். கோடு போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தாள். போன பொங்கலுக்கு எழுமலைக்குப் போட்டுப் போனது. கொடுத்தால் என்ன? யாருக்கு நட்டம்? அதை நான்காக மடித்தாள். மடித்த சட்டை கையில் ஒன்றுமே கனக்கவில்லை.

"மதினி, இருக்கீகளா?"

"மூடாதீக தம்பி. நான் வாரேன். வந்ததும் மூடுவோம்."

"நீங்களா? இன்னிக்குத் தேதியில நீங்க வாசப்படி தாண்டலாமா? ஊரு என்ன பேசும்?"

"மத்தியானமே தாண்டிட்டேன்ல. புதுசா என்னத்தப் பேசப் போறாக?"

"சட்டைய எடுத்துட்டு வாரீகளா?"

"இல்ல தம்பி. வெறுங்கையோடதான் வாரேன். அந்த மணல் மூட்டை மாதிரி எதுவும் வேணாம். நான் ஒரு பிடி மண்ணு போடுறேன். குழிக்குள்ள எதுவும் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியட்டும். சேவலையும் அவுத்து விடச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்க, "செத்த நேரம் இருங்கப்பா" என்று அவர் அதட்டுவது கேட்டது.

"திருமங்கலத்துல எறங்கி நில்லுங்க" என்றார் பேயாண்டி. "வண்டி அனுப்புறேன்... வேணாம், நானே வாரேன்."

சட்டையை இருந்த அடுக்கிலேயே வைத்துவிட்டு, கனகலட்சுமி ஈரத் தரையில் பார்த்து நடந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள்.